சொல்லும்போது உயிரோடு இருக்கும் கதை, எழுதும்போது ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: "ஐந்து வயது மகளுக்குத் தினமும் ராத்திரி நானே கதை கட்டிச் சொல்கிறேன். கண் கொட்டாமல் கேட்கிறாள். முடித்ததும் 'இன்னொரு தடவை' என்கிறாள். அதையே எழுத உட்கார்ந்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. மூன்று கதைகள் பாதியில் நிற்கின்றன. எழுத்துப் பயிற்சி எதுவும் எனக்குக் கிடையாது. சிறுவர் கதை எழுத ஆசைப்படுகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. உங்களுக்குக் கதை கட்டத் தெரியும். ஒரு குழந்தை தினமும் கேட்டு, மறுபடியும் கேட்கிறது என்றால் அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கதை சொல்லும்போது உங்கள் முன்னால் ஒரு குழந்தை இருக்கிறது. எழுத உட்கார்ந்ததும் அந்தக் குழந்தை எழுந்து போய்விடுகிறது. அந்த இடத்தில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். "இதில் குழந்தைக்கு என்ன பாடம்?" என்று கேட்கும் ஆசிரியர், "நல்ல நடையில் எழுதியிருக்கலாமே" என்று சொல்லப்போகும் உறவினர், பரிசுக்குக் கதை தேர்ந்தெடுக்கும் நடுவர். நீங்கள் அவர்களுக்காக எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள்.

இதை உங்கள் வாக்கியங்களிலேயே பார்க்கலாம். மகளிடம் சொல்லும்போது, "அந்தக் குட்டி யானைக்குத் தும்பிக்கையை எங்கே வெச்சுக்கறதுன்னே தெரியலை" என்றிருப்பீர்கள். எழுதும்போது அதுவே "யானைக்குட்டி மிகுந்த குழப்பத்திற்கு உள்ளாகியது" என்று மாறியிருக்கும். முதல் வாக்கியத்தில் ஒரு யானை இருக்கிறது, ஒரு தும்பிக்கை ஆடுகிறது. இரண்டாவதில் ஒரு தகவல்தான் இருக்கிறது. நான் சொல்லப்போகும் எல்லாமே எழுந்து போன குழந்தையை மறுபடி உங்கள் மேசைக்கு எதிரில் கொண்டுவந்து உட்கார வைப்பதற்கான வழிகள்தான்.

ஊருக்கே பொதுவான கதைகளாக மாறிப்போன சிலவும் இப்படி ஒரே ஒரு குழந்தைக்காகப் பிறந்தவைதான். 1893 செப்டம்பரில் இங்கிலாந்தைச் சேர்ந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதுவது என்று தெரியாததால் நான்கு முயல்குட்டிகளைப் பற்றி ஒரு கதையைப் படம் வரைந்து எழுதி அனுப்பினார். பல வருடங்கள் கழித்து அதைப் புத்தகமாக்க நினைத்தபோது பதிப்பகங்கள் மறுத்துவிட்டன. 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த வருடம் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அந்த முயல்களில் ஒன்றான பீட்டரின் கதை இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது.

சுவீடனைச் சேர்ந்த அஸ்ட்ரிட் லிண்ட்கிரனுக்கும் இதுபோலத்தான். 1941-ல் அவருடைய ஏழு வயது மகள் நிமோனியா காய்ச்சலில் படுத்திருந்தபோது, "பிப்பி லாங்ஸ்டாக்கிங் கதை சொல்லு" என்று கேட்டாள். அந்தப் பெயரையே மகள்தான் அந்த நிமிடத்தில் கற்பனை செய்தாள். விநோதமான பெயர், அதனால் விநோதமான ஒரு பெண் என்று அம்மா கதையைத் தொடங்கினார். வருடக்கணக்காக வாயால் மட்டுமே சொல்லிவந்தார். 1944-ல் வழுக்கி விழுந்து கால் சுளுக்கிப் படுத்திருந்த நாட்களில்தான் எழுதி வைத்தார். முதலில் அனுப்பிய பதிப்பகம் திருப்பி அனுப்பியது. 1945-ல் வேறு பதிப்பகத்தில் வெளிவந்தது. பிப்பியைப் படித்தால், எழுதியவருக்கு எதிரில் ஒரு சிறுமி உட்கார்ந்து "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது புரியும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதல் வேலையாக எழுதுவதை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். ராத்திரி கதை சொல்லும்போது கைபேசியைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மகளுக்குத் தெரியவேண்டியதில்லை. மறுநாள் அதைக் கேட்டு, சொன்னது சொன்னபடியே எழுதுங்கள். அழகுபடுத்தாதீர்கள். அவள் குறுக்கே கேட்ட கேள்விகளையும் அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். "அது ஏன் அங்கே போச்சு?" என்று கேட்டால், அங்கே காரணம் போதவில்லை. "அய்யோ!" என்றால், அங்கே கதை நன்றாக இருக்கிறது. எதுவும் பேசாமல் புரண்டு படுத்தால் அங்கே நீங்கள் இழுத்திருக்கிறீர்கள். ஒரு வாரத்தில் ஏழு கதைகள் கையில் இருக்கும். அவற்றில் எதை அவள் இரண்டாவது தடவை கேட்டாளோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கதைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது. புதிதாக எழுதுகிறவர்கள் பலர் "கருத்து" தேடுகிறார்கள். நேர்மை, துணிச்சல், சுற்றுச்சூழல் என்று ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதற்குக் கதை தைக்கிறார்கள். அதனால்தான் பாதியில் நின்றுபோகிறது, ஏனென்றால் சொல்லவேண்டியது முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. கருத்துக்குப் பதிலாக ஆசையிலிருந்து தொடங்குங்கள். ஒரு குழந்தைக்கு (அது முயலாகவோ மேகமாகவோ இருந்தாலும் சரி) ஏதோ ஒன்று வேண்டும். இப்போதே வேண்டும். அதற்கு நடுவில் ஏதோ ஒன்று நிற்கிறது. பெரியவர் கண்ணுக்கு அது மிகச் சின்ன விஷயமாக இருக்கலாம். குழந்தையின் அளவில் அது மலை.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். இருட்டுக்குப் பயப்படும் ஒரு சிறுமியைப் பற்றி எழுத நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வரும் முதல் வடிவம் இப்படி இருக்கும்:

"ஒரு ஊரில் மீனு என்ற நல்ல சிறுமி இருந்தாள். அவளுக்கு இருட்டு என்றால் மிகவும் பயம். ஒருநாள் அவளுடைய தாய், 'இருட்டில் எதுவும் இல்லை, பயப்படக் கூடாது' என்று அன்புடன் எடுத்துரைத்தார். அன்றிலிருந்து மீனு பயப்படுவதே இல்லை."

இதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் கதையும் இல்லை. இருட்டுக்குப் பயந்த எந்தக் குழந்தையும் ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் பயத்தை விட்டதில்லை. கேட்கிற குழந்தைக்கு அது தெரியும். இப்போது அதே விஷயத்தை மீனுவின் உயரத்தில் இருந்து பார்ப்போம்:

"மாடிப்படியில் மொத்தம் பதினோரு படி. ஏழாவது படி வரைக்கும் கீழே இருக்கும் விளக்கின் வெளிச்சம் வரும். எட்டாவது படியிலிருந்து இருட்டு. மீனு ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தாள். மேலே அண்ணன் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தான். 'நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...' எல்லா நட்சத்திரத்தையும் அவனே எண்ணி முடித்துவிடுவான்."

"பயம்" என்ற சொல் எங்கேயும் வரவில்லை. ஆனால் ஏழாவது படிக்கும் எட்டாவது படிக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. படிகளை எண்ணுவது குழந்தைகளின் வேலை, பெரியவர்கள் எண்ணுவதில்லை. ஆசையும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது, நட்சத்திரம் தீர்ந்துவிடும் என்ற கவலையும் இருக்கிறது. அந்தக் கவலை நமக்குச் சிரிப்பாக இருக்கலாம், மீனுவுக்கு அது நிஜம். எழுதுகிறவர் மீனுவின் பக்கம் நிற்க வேண்டும், அவளுடைய தலைக்கு மேலாகப் பெரியவர்களைப் பார்த்துக் கண்ணடிக்கக் கூடாது.

இனி இந்தச் சிக்கலை யார் தீர்ப்பது? மீனுதான். அம்மா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் கதை அம்மாவுடையதாகிவிடும். தேவதை வந்தால் தேவதையுடையதாகிவிடும். மீனு தன்னுடைய ஒரு செருப்பைக் கழற்றி எட்டாவது படியில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போய்ப் பார்க்கிறாள். செருப்பு அப்படியே இருக்கிறது. இருட்டு அதை ஒன்றும் செய்யவில்லை. அன்று ராத்திரி ஒன்பதாவது படி. அடுத்த நாள் பத்து. இது எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுக்காத, ஒரு குழந்தைக்கே தோன்றக்கூடிய ஆராய்ச்சி. பதினோராவது படியில் வைத்த செருப்பை எடுக்க அவளே போகும் ராத்திரியில், "இருட்டைக் கண்டு அஞ்சக் கூடாது" என்று கடைசி வரி எழுதும் ஆசை உங்களுக்கு வரும். தயவுசெய்து எழுதாதீர்கள். அவள் மேலே போய், அண்ணன் பக்கத்தில் நின்று, "எங்கே விட்டாய்?" என்று கேட்டு, "நூற்று மூன்று" என்று எண்ணத் தொடங்கட்டும். கேட்கிற குழந்தை மிச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். நாம் எடுத்துக் கையில் திணித்தால் அது கீழே போட்டுவிடும்.

இந்தக் கதையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலில் நான் இதை எழுதியபோது நட்சத்திரம் கிடையாது. மீனுவின் பந்து மேலே போய்விட்டதாக எழுதியிருந்தேன். எழுதி முடித்ததும் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது, படித்த பெரியவர்களும் பாராட்டினார்கள். நான்கைந்து குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு ஆறு வயதுப் பெண், "பகல்ல போய் எடுத்துக்கலாமே?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அத்தனை பேர் பாராட்டிய கதையில் இருந்த ஓட்டை அவளுக்குத்தான் தெரிந்தது. ராத்திரியில் மட்டும் கிடைக்கும் ஒரு பொருளைத் தேடியபோதுதான் நட்சத்திரம் வந்தது, நட்சத்திரம் வந்த பிறகுதான் அண்ணன் வந்தான், அண்ணன் எண்ணத் தொடங்கிய பிறகுதான் கதைக்கு அவசரம் வந்தது. ஒரு குழந்தையின் ஒரு கேள்வி கதையையே தூக்கி நிறுத்திவிட்டது.

அதனால் எழுதியதைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் உங்கள் மகளை மட்டும் நம்பாதீர்கள். அவள் கதையோடு சேர்த்து உங்களையும் கேட்கிறாள். உங்கள் குரல், உங்கள் மடி, தூங்கப் போவதைத் தள்ளிப்போடும் சந்தோஷம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. உங்களைத் தெரியாத குழந்தைகளுக்கு, முடிந்தால் வேறொருவர் வாசிக்க, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் "கதை பிடிச்சிருக்கா?" என்று கேட்பதில் பயனில்லை, பிடித்தது என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய உடம்பைப் பாருங்கள். எந்த வரியில் கால் ஆடத் தொடங்குகிறது, எந்த வரியில் முன்னால் நகர்ந்து உட்காருகிறார்கள், எப்போது ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, "இந்தக் கதையை உன் பிரெண்டுக்குச் சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது எதை விட்டுவிடுகிறார்களோ, அதைப் பெரும்பாலும் நீங்களும் விட்டுவிடலாம்.

வயதுக்கு வருகிறேன். "குழந்தைகள்" என்று ஒரே கூட்டம் கிடையாது. மூன்று வயதுக்காரரும் பதினொரு வயதுக்காரரும் வாசகர்களாக வேறு வேறு உலகம். படக்கதை என்றால் மூன்றிலிருந்து ஆறு, ஏழு வயது வரை. அதைப் பெரும்பாலும் வேறொருவர்தான் வாசித்துக் காட்டுவார். ஆங்கிலப் பதிப்புலகில் இப்போது அதற்கு 500 சொற்களுக்குள் எதிர்பார்க்கிறார்கள். 1963-ல் வந்த, அமெரிக்க எழுத்தாளர் மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' என்ற புகழ்பெற்ற படக்கதையில் மொத்தமே 338 சொற்கள்தான். தானாகப் படிக்கத் தொடங்கும் ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குச் சிறு சிறு அத்தியாயங்களாகச் சில ஆயிரம் சொற்கள் தாங்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு நாவலே எழுதலாம், 25,000 சொற்களுக்கு மேலும் போகலாம். இந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குப் பொருத்தாதீர்கள். "வீட்டுக்குள்ளிருந்து" என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதை ஆங்கிலத்தில் நான்கு சொல்லாக எழுதுவார்கள். அதே கதை தமிழில் கணிசமாகக் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். இன்னொரு பொது வழக்கமும் உண்டு: குழந்தைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது பெரிய பிள்ளைகளைப் பற்றிப் படிக்கத்தான் விரும்புவார்கள். எட்டு வயதுக்காரருக்கு எழுதுகிறீர்கள் என்றால் நாயகிக்குப் பத்து வயது வைப்பது நல்லது.

உங்கள் மகளின் வயதைப் பார்த்தால் நீங்கள் படக்கதையில் தொடங்குவீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு. எழுதாத வெள்ளைத் தாள் எட்டு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். 32 பக்கங்கள் கொண்ட குட்டிப் புத்தகம் கிடைக்கும். உலகம் முழுக்கப் படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கங்களில் வருவதற்கு அச்சுக் கணக்குதான் காரணம், பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டு எட்டாகத்தான் சேரும். தலைப்பு, பதிப்பு விவரம் போன்றவற்றுக்கு நான்கைந்து பக்கங்கள் போக, விரித்தால் எதிரெதிரே தெரியும் பக்கங்களை ஒரு காட்சியாகக் கணக்கிட்டால் பன்னிரண்டிலிருந்து பதினான்கு காட்சிகள் கிடைக்கும். உங்கள் கதையைப் பென்சிலால் அவற்றில் பிரித்து எழுதிப் பாருங்கள். மோசமாக வரைந்தாலும் பரவாயில்லை, குச்சி மனிதர்கள் போதும்.

இதைச் செய்த உடனே இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். முதலாவது, நான்கு பக்கங்களுக்குத் தொடர்ந்து ஒரே படம்தான் வரைய முடிகிறது என்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை, வெறுமனே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது, பக்கம் திருப்புவது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது. "மீனு மெதுவாகக் கையை நீட்டினாள். அங்கே..." என்று வலது பக்கத்தில் நிறுத்தினால் குழந்தையே பக்கத்தைத் திருப்பும். அந்தத் தவிப்பு வரும் இடங்களை வலது பக்கத்தின் முடிவில் கொண்டுவந்து வைக்கப் பழகுங்கள்.

படம் காட்டப்போவதைச் சொல்லில் எழுத வேண்டாம். "மீனு மஞ்சள் கவுன் போட்டிருந்தாள், இரட்டைச் சடை பின்னியிருந்தாள்" என்பது ஓவியருடைய வேலை. செருப்பு வாசனை, கீழே கேட்கும் சத்தம், எட்டாவது படியின் சில்லிப்பு போன்றவற்றைப் படத்தில் காட்ட முடியாது. அவற்றுக்குச் சொல்லைச் செலவழியுங்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். குழந்தை வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ். புத்தகத்தில் பார்ப்பது எழுத்துத் தமிழ். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஐந்து வயதுக் காதுக்குப் பெரிய தூரம். முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குச் சிரமம், ஏனென்றால் பேச்சை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். முழுக்கச் செந்தமிழில் எழுதினால் கதை கேட்கிற சுகம் போய்விடும். நான் பின்பற்றும் வழி இது: இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் சொற்களைத் தேடிப் பிடிப்பது. "கூறினாள்" வேண்டாம், "சொன்னாள்" போதும். "இல்லம்" வேண்டாம், "வீடு" இருக்கிறது. "மகிழ்ச்சியடைந்தது" என்று எழுதும் இடத்தில் "குதித்தது" என்று எழுத முடியுமா என்று பார்ப்பேன். உரையாடலில் "போ, நான் வரமாட்டேன்" போன்ற வரிகள் பேச்சிலும் எழுத்திலும் இயல்பாக உட்காரும்.

தானாகப் படிக்கப் பழகும் குழந்தைக்கு எழுதுகிறீர்கள் என்றால் சொல்லின் நீளத்தையும் கவனியுங்கள். "பார்த்துக்கொண்டிருந்தது" என்பதில் பன்னிரண்டு எழுத்துகள். கூட்டிக் கூட்டிப் படித்துக் கடைசிக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். "பார்த்தது" என்றால் ஐந்துதான். அதேபோல "எழுந்து, ஓடிப்போய், கதவைத் திறந்து, எட்டிப்பார்த்து, பயந்து..." என்று வினைகளைக் கோத்துக்கொண்டே போவது நமக்கு இயல்பு. அதை இரண்டு மூன்று வாக்கியங்களாக உடையுங்கள். குறைந்த சொற்களில் எழுதுவது சுலபமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1957-ல் வெளியிட்ட, தொப்பி போட்ட பூனை வரும் புத்தகத்தில் மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள்தான் உண்டு. புதிதாகப் படிக்கும் குழந்தைகளுக்கான சொற்பட்டியலுக்குள் நின்று அதை முடிக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின.

தமிழில் நமக்கு இருக்கும் ஒரு சொத்து இரட்டைக்கிளவி. சலசல, தடதட, கிடுகிடு, மினுமினு, கமகம. ஒலி, வேகம், வெளிச்சம், வாசனை என்று எல்லாவற்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது. குழந்தைகள் அதைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்வார்கள். அளவோடு சரியான இடத்தில் வைத்தால் ஒரு சொல் ஒரு வாக்கியத்தின் வேலையைச் செய்யும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியும் அப்படித்தான். "எட்டாவது படியிலிருந்து இருட்டு" என்பது மூன்று தடவை வந்தால், நான்காவது தடவை குழந்தையே நமக்கு முன்னால் சொல்லிவிடும். அப்போது கதை அதனுடையதாகிவிட்டது. பாட்டாக எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: எதுகைக்காக வராத சொல்லை இழுத்து வர வேண்டியிருந்தால், உரைநடையில் எழுதிவிடுங்கள்.

எழுதியதைச் சத்தமாக வாசித்துத் திருத்துவது கட்டாயம். மூச்சு முட்டும் இடம், நாக்கு தடுக்கும் இடம், உங்களுக்கே அலுக்கும் இடம் எல்லாம் மௌனமாகப் படிக்கும்போது தெரியாது.

சோகம், பயம், சாவு இதெல்லாம் சிறுவர் கதையில் வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வரலாம். குழந்தைகள் அவற்றை ஏற்கனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் பேசாமல் இருந்தால் அவர்கள் தனியாக யோசிப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இருட்டுக்குள் குழந்தையைக் கூட்டிப்போனால் கையை விடாமல் வெளியே கூட்டிவருவது எழுதுகிறவருடைய பொறுப்பு.

இனி பழக்கம். குழந்தை வளர்த்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு எழுதுகிறவர்களுக்கு நீண்ட ஓய்வு நேரம் கிடைக்கவே கிடைக்காது. தினமும் இருபது நிமிடம் போதும், அதுவும் ஒரே நேரத்தில் என்றால் இன்னும் நல்லது. படக்கதையின் முதல் வடிவத்தை நான்கைந்து நாட்களில் எழுதிவிடலாம். அதை எப்படியாவது முடித்துவிடுங்கள், மோசமாக இருந்தாலும் முடியுங்கள். பாதியில் நிற்கும் கதையை யாராலும் திருத்த முடியாது, முடிந்த மோசமான கதையைத் திருத்தலாம். முடித்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். திரும்ப எடுக்கும்போது முதல் பத்தியை விரலால் மூடிக்கொண்டு இரண்டாவது பத்தியிலிருந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலான கதைகள் அங்கேதான் உண்மையாகத் தொடங்குகின்றன. "ஒரு ஊரில் ஒரு நல்ல சிறுமி" என்ற முன்னுரை நாம் தயாராவதற்காக எழுதிக்கொண்டது, குழந்தைக்கு அது தேவைப்படாது.

கூடவே நிறையப் படியுங்கள். நாம் சின்ன வயதில் படித்ததன் ஞாபகத்திலேயே எழுதுகிறோம், அதற்குப் பிறகு சிறுவர் எழுத்து எவ்வளவோ நகர்ந்துவிட்டது. நூலகத்தின் சிறுவர் பகுதியில் உட்கார்ந்து, கடந்த ஐந்தாறு வருடங்களில் வந்த படக்கதைகளில் ஒரு ஐம்பது படியுங்கள். பிடித்த ஒன்றை எடுத்து, படங்களைப் பார்க்காமல் சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறார்கள் என்று கைக்குத் தெரியும்.

அனுப்புவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிப்பகத்துக்கோ பத்திரிகைக்கோ அனுப்பும் முன் அவர்கள் என்ன வயதுக்கு, என்ன நீளத்தில் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு அனுப்புங்கள். படக்கதைக்கு நீங்களே காசு கொடுத்து ஓவியரை வைத்து வரைந்து அனுப்ப வேண்டியதில்லை. ஓவியரைப் பொதுவாகப் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். புத்தகம் போட உங்களிடமே பணம் கேட்கும் இடத்தில் நிதானமாக யோசியுங்கள். சொந்தமாக வெளியிடுவது தவறில்லை, ஆனால் அது நீங்கள் தெரிந்தே எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் வந்தால் காப்புரிமை யாரிடம் இருக்கிறது, மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம், எத்தனை வருடத்துக்கு என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உடனே வாசகர்களைப் பார்க்க ஆசைப்பட்டால் ஸ்டோரிவீவர் போன்ற இலவசத் தளங்கள் இருக்கின்றன, 2015-லிருந்து இயங்கும் அதில் தமிழிலும் எழுதலாம், அங்கே இருக்கும் படங்களையே பயன்படுத்திக்கொள்ளலாம். அங்கே வெளியாகும் கதையைத் திறந்த உரிமத்தின்படி யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். அது உங்களுக்குச் சம்மதம்தானா என்று பார்த்துக்கொண்டு போடுங்கள்.

திரும்பி வரும். அனுப்பினால் திரும்பி வரும், பல சமயம் பதிலே வராது. முயலும் திரும்பி வந்ததுதான், பிப்பியும் திரும்பி வந்தவள்தான். ஒரு கதையை அனுப்பிய அன்றே அடுத்த கதையைத் தொடங்கிவிடுவது நான் கடைப்பிடிக்கும் வழி. பதில் வரும்போது மனம் ஏற்கனவே வேறொரு குழந்தையோடு வேறொரு படியில் உட்கார்ந்திருக்கும், அடி அவ்வளவாக வலிக்காது. திருத்தச் சொல்லிக் குறிப்பெழுதி யாராவது திருப்பி அனுப்பினால் அதைப் பத்திரப்படுத்துங்கள். மறுக்கப்போகும் கதைக்கு யாரும் நேரம் செலவழித்துக் குறிப்பெழுத மாட்டார்கள்.

பாதியில் நிற்கும் அந்த மூன்று கதைகளை இப்போதைக்குத் தூக்கிப் போடாதீர்கள். இன்று ராத்திரி மூன்றையும், எழுதிய தாளைப் பார்க்காமல், மகளுக்கு வாயால் சொல்லிப் பாருங்கள். நீங்கள் நிறுத்திய இடத்தில் அவளிடம், "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். மூன்றில் எதற்கு அவள் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்கிறாளோ, நாளைக்கு அந்த இருபது நிமிடத்தை அதற்குக் கொடுங்கள்.